போராட்டத்தில் உடல் பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கு அரசு வேலையில் முன்னுரிமை: தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு ஒரு முழு வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட், லெனேசியா என்று நம்மவர்கள் வாழும் எந்த ஊரிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. நிறவெறி ஆட்சியை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் தடியடிபட்டு ஒரு காது கேட்காமல் போன பெரியப்பா ஒரு வீட்டில். காவலில் வைத்துச் சித்திரவதை செய்யப்பட்டு, வெளியே வந்தபின் ஒரு நாளும் முழுத் தூக்கம் தூங்காத தாத்தா இன்னொரு வீட்டில். எல்லை தாண்டிப் போய் ஆயுதப் பயிற்சி எடுத்து, காலில் குண்டுக் காயத்தோடு திரும்பிய மாமா வேறொரு வீட்டில். அந்த வீட்டுப் பிள்ளை படித்து முடித்து வேலைக்கு அலையும்போது ஆயா கேட்பார்: "உன் தாத்தா இந்த நாட்டுக்காகத்தானே கண்ணு இப்படி ஆனார், கவர்மெண்டில் உனக்கு ஒரு வேலை கொடுக்கமாட்டார்களா?"

நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போராட்டத்தில் உடல் பாதிக்கப்பட்டவரின் பிள்ளை, பேரப்பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக அரசு வேலை தர வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் சட்டம் இல்லை. இந்தியாவில் கருணை அடிப்படை நியமனம் என்று கேட்டுப் பழகியவர்கள் இங்கும் அதுபோல ஏதோ இருக்கும் என்று நம்பி வருடங்களைத் தொலைக்கிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்தே பணம் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றுமே இல்லை என்பதும் உண்மையல்ல. முன்னாள் படைவீரர் சட்டம், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தின் இழப்பீட்டு ஏற்பாடுகள், வேலைவாய்ப்புச் சமநிலைச் சட்டம், அரசுக் கொள்முதல் விதிகள் ஆகிய நான்கிலும் உங்கள் குடும்பத்துக்கு ஏதோ ஒரு பிடி இருக்கலாம். எது யாருக்கு என்று தெரிந்துகொண்டு, அதற்கான தாள்களைச் சேர்த்து, சரியான இடத்தில் கொடுப்பதுதான் வேலை. தாள் இல்லாமல் தியாகத்தை மட்டும் சொன்னால் எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது.

முதல் படி: பாதிக்கப்பட்டவர் எந்த வகையில் வருகிறார்?

எல்லாம் இதில்தான் தொடங்குகிறது. அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள். "தாத்தா, நீங்கள் எந்த இயக்கத்தில் இருந்தீர்கள்? யாருக்குக் கீழே? எந்த வருசம் பிடித்தார்கள்? எந்த ஸ்டேஷன்? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் போய்விட்டிருந்தால் அவரோடு இருந்த தோழர்களைத் தேடுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது. இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஆயுதம் தாங்கிய அமைப்பில் இருந்தவரா? உம்கொண்டோ வே சிஸ்வே, ஆப்லா, அசான்லா போன்றவற்றில் இருந்தவர் 2011ஆம் ஆண்டின் 18ஆம் எண் முன்னாள் படைவீரர் சட்டத்தில் வருவார். 1960 முதல் 1994 வரை நடந்த விடுதலைப் போரில் எல்லாத் தரப்பிலும் இருந்தவர்களை அந்தச் சட்டம் ஒரே பெயரில் சேர்க்கிறது. எனவே பழைய அரசின் படையில் இருந்தவர்களும் அதில் உண்டு. 1970களில் டர்பனில் எஸ்.ஏ.எஸ். ஜல்சேனா என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்த இந்தியர்கள் சிலர், தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்துக் கேட்காமலே இருக்கிறார்கள். மரியாதையின்றி வெளியேற்றப்படாத தென்னாப்பிரிக்கக் குடிமகன் என்றால் அவர்களும் கேட்கலாம்.

ஆயுதம் எடுக்காமல் போராடியவரா? நம் சமூகத்தில் பெரும்பாலோர் இந்த வகைதான். நேட்டால் இந்தியக் காங்கிரஸ், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸ், 1983 ஆகஸ்டில் தொடங்கிய ஐக்கிய ஜனநாயக முன்னணி, ஊர் வாடகைப் போராட்டக் குழுக்கள், மாணவர் அமைப்புகள். 1984இல் முச்சபை நாடாளுமன்றத் தேர்தலை (வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் மூவருக்கும் தனித்தனி அவை; ஆப்பிரிக்கர்களுக்கு இடமில்லை) புறக்கணித்தபோது அடிவாங்கியவர்கள் இதில் அடங்குவர். இவர்களுக்கு முன்னாள் படைவீரர் சட்டம் பொருந்தாது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஐந்து வருடத்துக்குக் குறையாமல் முழுநேர இயக்கப் பணி, நாடு கடந்த வாழ்வு, சிறை, தடையாணை ஆகியவற்றில் இருந்தவர்களுக்கு 1996ஆம் ஆண்டின் 69ஆம் எண் சிறப்பு ஓய்வூதியச் சட்டம் இருந்தது. புதிய விண்ணப்பம் இப்போது எடுக்கப்படுவதில்லை. ஆனால் ஏற்கெனவே அந்த ஓய்வூதியம் வாங்கியவர் இறந்துவிட்டால் அவருடைய துணைவருக்கு உரிமை உண்டு. அதை அரசு ஓய்வூதிய நிர்வாக முகமையில் கேட்க வேண்டும். மேலும், அந்த ஓய்வூதியக் கோப்பு மற்ற இடங்களில் நல்ல சான்றாக நிற்கும். அதில் அவருடைய போராட்ட வரலாற்றை அரசே ஒருமுறை சரிபார்த்து ஏற்றிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாசா என்ற அரசு சமூகநல உதவி முகமையின் அலுவலகத்தில் போர் வீரர் உதவித்தொகை என்று ஒன்று உண்டு. அது இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் போன்றவற்றில் இருந்தவர்களுக்கானது. விடுதலைப் போராட்டத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. பெயரைப் பார்த்து அங்கே வரிசையில் நின்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

இரண்டாம் படி: ஆணையத்தின் பட்டியலைப் பாருங்கள்

1995ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டத்தால் அமைந்த ஆணையம், 1960 மார்ச் 1 முதல் 1994 மே 10 வரை நடந்த கொலை, கடத்தல், சித்திரவதை, கடுமையான கொடுமை ஆகியவற்றை விசாரித்தது. வாக்குமூலம் கொடுக்கும் காலம் 1997 டிசம்பரோடு முடிந்தது. பாதிக்கப்பட்டவர் என்று ஏற்கப்பட்டு இழப்பீட்டுக்குத் தகுதி பெற்றவர்கள் சுமார் 17,000 பேர். 2003இல் அவர்களுக்கு ஒருமுறை மட்டும் 30,000 ராண்ட் தரப்பட்டது.

ஆணைய அறிக்கையின் ஏழாம் தொகுதி முழுக்கப் பெயர்கள்தான். குடும்பப் பெயர் வரிசையில் இருக்கும். அதில் தேடும்போது பொறுமை வேண்டும். நம்முடைய பெயர்களை எழுதியவர்கள் கேட்ட மாதிரியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். படையாச்சி என்ற பெயரே பல எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது. கோவெண்டர், முட்லி, பிள்ளை, நாயக்கர், செட்டி எல்லாமே அப்படித்தான். சில வீடுகளில் அப்பாவின் முதற்பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். ஆகவே முதற்பெயரின் கீழும் தேடுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரின் கீழும் தேடுங்கள்.

பெயர் இருந்தால், நீதித்துறை அமைச்சகத்தில் இருக்கும் ஆணையப் பிரிவுக்கு எழுதி உறுதிச் சான்று கேளுங்கள். இந்தச் சான்று நேராக வேலை வாங்கித் தராது. ஆனால் 2014 நவம்பரில் வந்த விதிகளின்படி, பட்டியலில் உள்ளவருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் பள்ளிப் படிப்புக்கும் உயர்கல்விக்கும் குடியரசுத் தலைவர் நிதியிலிருந்து உதவி கேட்கலாம். வேலை தேடும் பிள்ளைக்கு ஒரு தொழிற்கல்விச் சான்றோ பட்டமோ குறைகிறது என்றால், இதுதான் உண்மையான முதல் வாசல். வயதும் படிப்பும் இடம்கொடுக்கும்போதே பயன்படுத்துங்கள். கல்வியாண்டு தொடங்கும் முன்பே விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். பணம் வருவதற்குக் காலம் பிடிக்கலாம் என்பதைக் கல்லூரி அலுவலகத்திடமும் எழுத்தில் சொல்லிவையுங்கள்.

பெயர் இல்லாவிட்டால்? என் மனம் கொதிப்பது இந்த இடத்தில்தான். 1996, 97இல் நம்மவர்களில் பலர் ஆணையத்தின் முன் போகவே இல்லை. "ஆப்பிரிக்கர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் நாம் பட்டது என்ன" என்று அடக்கத்தோடு ஒதுங்கியவர்கள் உண்டு. பிள்ளைகள் எதிரே சித்திரவதையைச் சொல்லக் கூசியவர்கள் உண்டு. அந்த அடக்கத்துக்கும் கூச்சத்துக்கும் அவர்கள் குடும்பம் இன்றுவரை விலை கொடுக்கிறது. குலுமானி என்ற பாதிக்கப்பட்டோர் அமைப்பு, பட்டியலை மீண்டும் திறக்க வேண்டும் என்று நெடுங்காலமாகப் போராடுகிறது. அதில் பதிந்துகொள்ளுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பட்டியல் மூடியிருப்பது அரசின் முடிவு, மாற்றக்கூடிய முடிவு.

மூன்றாம் படி: தாள்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் இதன்மேல் நிற்கிறது.

முதலில் உறவை நிரூபிக்க வேண்டும். பெற்றோர் இருவர் விவரமும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழை உள்துறை அலுவலகத்தில் கேளுங்கள். பழைய பதிவில் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருந்தால், மூலப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிச் சேர்க்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் உறுதிமொழிப் பத்திரமும் நகல் சான்றொப்பமும் காசில்லாமல் செய்து தருவார்கள். சான்றொப்பத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. ஒரே நாளில் ஐம்பது நகல் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள்.

அடுத்தது கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்த பாட்டிகள் நம் சமூகத்தில் ஏராளம். 1913இல் கேப் நீதிமன்றம் கிறித்தவ முறைக்கு வெளியே நடந்த திருமணங்கள் செல்லாது என்று சொன்னபோது, நம் பெண்கள் எல்லை கடந்து சிறைக்குப் போனார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வந்து 1914 பிப்ரவரியில் இறந்தாள். அந்தப் பிரச்சினையின் நிழல் இன்னும் முழுதாகப் போகவில்லை. இருந்தாலும் நீதிமன்றங்கள் மாறியிருக்கின்றன. 2008இல் டர்பன் உயர்நீதிமன்றம், பதிவு செய்யாத இந்து முறைத் திருமணத்தில் கணவனை இழந்த பெண்ணும் வாரிசுச் சட்டப்படி துணைவிதான் என்று தீர்ப்பளித்தது. ஆகவே கவுண்டரில் "ரெஜிஸ்டர் ஆகாத கல்யாணம்" என்று திருப்பி அனுப்பினால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். கோயில் சான்று, கல்யாணப் படம், சாட்சிகளின் உறுதிமொழி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள் எல்லாம் சேர்த்து எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள்.

மூன்றாவது, நடந்தது என்ன என்பதற்குச் சான்று. சிறையில் இருந்தவர் என்றால் சிறை எண், வழக்கு எண், தீர்ப்பு நகல். ராபன் தீவுக் கைதிகளைப் பற்றிய ஆவணங்கள் மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மாயிபுயே ஆவணக்காப்பகத்தில் உள்ளன. நேட்டால் பக்கத்து ஆட்களுக்கு, வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதூலி ஆவண மையத்தைத் தவறவிடாதீர்கள். போராளிகளின் வாய்மொழி நேர்காணல்களை அங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு தோழரின் நேர்காணலில் உங்கள் தாத்தாவின் பெயர் போகிற போக்கில் வந்திருந்தால் அதுவே பெரிய சான்று. டர்பனில் வெளியான தி லீடர் போன்ற வார இதழ்களின் பழைய பிரதிகளில் கைது, ஊர்வலம், வழக்குச் செய்திகள் கிடைக்கும். காவலில் வைக்கப்பட்டவர் என்றால் தேசிய ஆவணக்காப்பகத்துக்கும் காவல்துறைக்கும் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி விண்ணப்பம் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நான்காவது மருத்துவச் சான்று. இதைத்தான் எல்லோரும் அரைகுறையாகச் செய்கிறார்கள். "இவருக்குக் கால் ஊனம்" என்று டாக்டர் எழுதித் தந்தால் போதாது. காயம் எப்படிப்பட்டது, எவ்வளவு பழையது, போலீஸ் தாக்குதலிலோ குண்டுவெடிப்பிலோ ஏற்பட்டிருக்கக்கூடியதா, இன்று எந்த வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்ற நான்கும் அதில் வர வேண்டும். ஆர்.கே.கான், கிங் எட்வர்ட் போன்ற பொது மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றிருந்தால் பழைய அட்டை எண்ணைத் தேடிக்கொண்டு பதிவேட்டுப் பிரிவுக்குப் போங்கள். பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று சொன்னால், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்ற கடிதமும், தோழர் இருவரின் உறுதிமொழியும், இன்றைய மருத்துவரின் அறிக்கையும் சேர்ந்தால் ஒரு நம்பகமான தொகுப்பாக நிற்கும்.

மனநலப் பாதிப்பையும் விட்டுவிடாதீர்கள். சட்டம் உடல் குறையை மட்டும் சொல்லவில்லை. தனிமைச் சிறைக்குப் பிறகு வேலையில் நிலைக்க முடியாமல் போன ஒருவரின் பாதிப்பும் பாதிப்புதான். நம் வீடுகளில் அதைச் "சுபாவம் மாறிவிட்டது" என்று சொல்லி மூடிவைத்தோம். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போய் அறிக்கை வாங்குவது அவருக்கு அவமானம் இல்லை.

நான்காம் படி: முன்னாள் படைவீரர் துறையில் பதிவு

துறையின் தரவுத்தளத்தில் பெயர் ஏறினால்தான் அந்தச் சட்டத்தின் பலன் எதுவும் கிடைக்கும். விடுதலை இயக்கப் படைகளில் இருந்தவர்களுக்கு, எல்லாப் படைகளும் ஒரே தேசியப் படையாக இணைக்கப்பட்டபோது தயாரித்த சான்றளிக்கப்பட்ட ஆட்பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பது முக்கியம். விண்ணப்பத்தில் இயக்கப் பெயர், பயிற்சி முகாம், நாடு, காலம், கமாண்டர் பெயர் எல்லாம் கேட்பார்கள். சரிபார்ப்புக் குழு நேரிலும் கேள்வி கேட்கும். பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரே போக வேண்டும். துணைக்கு ஒருவர் போகலாம். மறதி இருந்தால் முதல் படியில் எழுதிவைத்த குறிப்பைக் கையில் கொடுங்கள்.

இந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு பலன்களைப் பட்டியலிடுகிறது. பணியின்போது ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு, மன ஆலோசனை, கல்வி மற்றும் திறன் பயிற்சி, வேலையில் அமர்த்த உதவி, தொழில் வாய்ப்புக்கு உதவி, மருத்துவம், வீடு, ஈமச்சடங்கு உதவி ஆகியவை அதில் உண்டு. வேலையில் அமர்த்த உதவி என்ற சொல்லைக் கவனியுங்கள். துறை உங்கள் விவரத்தை எடுத்து வேலை தருகிற அமைப்புகளிடம் சேர்த்துவைக்கும். நியமன ஆணை தருவது துறையின் கையில் இல்லை. முதல் உரிமையும் படைவீரருக்கே. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கல்வி உதவி, பயிற்சி வழியாகத்தான் வாசல் திறக்கிறது. அதுவும் குடும்ப வருமானத்தைப் பார்த்து.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். படைவீரர் ஊனத்தால் வேலை செய்ய முடியாதவர் என்றால், மருத்துவ அறிக்கையை இணைத்து மாகாண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவருக்குப் பதிலாக அவரைச் சார்ந்த இன்னாரை எந்தத் திறன் பயிற்சியில் அல்லது வேலைத் தரவுத்தளத்தில் சேர்க்கலாம், எந்த விதியின் கீழ், எப்போது என்று கேளுங்கள். வாய்ச்சொல்லில் கேட்டால் வாய்ச்சொல்தான் பதிலாக வரும். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் மேல்முறையீட்டு வாரியம் ஒன்று அந்தச் சட்டத்திலேயே உண்டு.

ஐந்தாம் படி: நேரடி அரசு வேலை விண்ணப்பம்

அரசுப் பணிச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, தகுதியுள்ள எல்லா விண்ணப்பதாரரையும் கருத்தில் எடுக்க வேண்டும். பயிற்சி, திறன், அறிவு ஆகியவற்றோடு, கடந்தகாலச் சமமின்மையைச் சரிசெய்யும் தேவையையும் பார்க்க வேண்டும். அந்தத் தேவை இனம், பாலினம், ஊனம் என்ற மூன்றையும் சொல்கிறது. போராளியின் பிள்ளை என்பது அதில் இல்லை. இதை ஏற்றுக்கொண்டால் விண்ணப்பத்தைப் புத்தியோடு நிரப்பலாம்.

யாருக்கு எது பொருந்துகிறது? வேலைவாய்ப்புச் சமநிலைச் சட்டத்தில் கறுப்பர் என்ற வகையில் இந்தியரும் அடங்குவர். பிறப்பாலோ வம்சத்தாலோ குடிமகனானவர், அல்லது 1994 ஏப்ரல் 27க்கு முன் குடியுரிமை பெற்றவர் இதில் வருவார். பெண்கள் தனி வகை. ஊனமுற்றவர் தனி வகை. எனவே குண்டுக் காயத்தால் ஊனமுற்ற அண்ணன் தானே விண்ணப்பித்தால் இரண்டு வகையில் வருகிறார். அவருடைய மகள் விண்ணப்பித்தால் இந்தியர், பெண் என்ற இரண்டு வகையில் வருகிறாள். அப்பாவின் ஊனத்தை மகள் தன் படிவத்தில் குறிக்கக் கூடாது. அது பொய்த் தகவலாகி வேலையே போகும்.

நான் குடும்பங்களிடம் வற்புறுத்திச் சொல்வது: பாதிக்கப்பட்டவர் இன்னும் வேலை செய்யும் வயதில் இருந்தால் பிள்ளையை மட்டும் பார்க்காதீர்கள், அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அரசுப் பணியில் ஊனமுற்றோர் 2 சதவீதம் இருக்க வேண்டும் என்ற இலக்கு நெடுங்காலம் எட்டப்படாமலே கிடந்தது. 2015இன் வெள்ளை அறிக்கை 2030க்குள் 7 சதவீதம் என்று வைத்திருக்கிறது. அப்படியானால் துறைகளுக்குத் தகுதியான ஆள் தேவை. 1988இல் மபூட்டோவில் கார் குண்டுவெடிப்பில் வலது கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்த ஆல்பி சாக்ஸ், 1994இல் அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதியானார். 1979இல் லெசோத்தோவில் பார்சல் குண்டில் காயமடைந்த நம் ஃபிலிஸ் நாயுடு அதற்குப் பிறகும் பல்லாண்டு வழக்கறிஞராகவும் எழுத்தாளராகவும் உழைத்தார். காயம்பட்டவரை வீட்டின் மூலையில் உட்கார வைத்துவிட்டு அவர் பெயரில் பிள்ளைக்கு வேலை கேட்பதைவிட, அவருக்கே மேசையும் நாற்காலியும் கேட்பது மேல். வேலையிடத்தில் தேவையான வசதி செய்து தருவது வேலை தருகிறவரின் கடமை.

இனி நடைமுறை. அரசுப் பணி மற்றும் நிர்வாகத் துறை வாராவாரம் காலியிடச் சுற்றறிக்கை வெளியிடுகிறது. மாகாணத் துறைகளின் இடங்களும் அதில் வரும். ஈத்தெக்வினி (டர்பன்) போன்ற மாநகராட்சிகள் தங்கள் இடங்களைத் தனியாக அறிவிக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இசட் 83 படிவம். 2021 முதல் வந்த புதிய படிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். பழைய படிவம் முதல் பார்வையிலேயே கழிக்கப்படும். கையெழுத்தும் தேதியும் விடுபடக் கூடாது. பதவியின் குறிப்பு எண்ணைச் சுற்றறிக்கையில் உள்ளபடியே எழுதுங்கள். படிவத்தோடு விரிவான தன்விவரம் போதும். சான்றொப்பமிட்ட நகல்களை நேர்காணல் பட்டியலில் வந்தபின்தான் கேட்பார்கள். குடும்பத்தின் போராட்ட வரலாற்றைத் தன்விவரத்தில் எழுதாதீர்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. இடத்தை அடைப்பதால் உங்கள் சொந்தத் தகுதி பின்னே போகும்.

படிவத்தில் குற்றத் தண்டனை உண்டா என்ற கேள்வி வரும். போராளியே விண்ணப்பிக்கும்போது இது தொல்லை தரும். ஆணையத்தில் பொதுமன்னிப்பு பெற்றவரின் அந்தத் தண்டனைப் பதிவு நீங்கியதாகவே சட்டம் கருதுகிறது. மற்றவர்கள் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றை முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள். பழைய நிறவெறிச் சட்டத் தண்டனை ஏதும் அதில் தெரிந்தால் நீதித்துறைத் தலைமை இயக்குநருக்கு நீக்கல் விண்ணப்பம் போடலாம். நேர்காணல் அழைப்பு வந்தபின் ஆரம்பித்தால் நேரம் போதாது.

இந்தியர் ஏற்கெனவே அதிகம் இருக்கிறார்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்களே என்ற பயம் குவாசுலு-நேட்டாலில் எல்லா வீட்டிலும் உண்டு. முழுப் பொய்யான பயம் அல்ல. ஆனால் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம், சிறைத்துறை பற்றிய வழக்கில், தேசிய மக்கள்தொகை விகிதத்தை மட்டும் பார்த்து வட்டார விகிதத்தைப் பார்க்காமல் விட்டது தவறு என்று சொன்னது. இனக் காரணத்தால் ஒதுக்கப்பட்டதாகத் தெரிந்தால் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சமரச ஆணையத்துக்கு (சி.சி.எம்.ஏ.) ஆறு மாதத்துக்குள் புகார் கொண்டுபோக வேண்டும்.

ஆறாம் படி: வேலைக்குப் பதில் தொழில்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எல்லோருக்கும் ஆகாது. கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் சட்டத்தில் முன்னாள் படைவீரரான கறுப்பர், ஊனமுற்ற கறுப்பர் இருவரும் தனிக் கவனம் பெறும் குழுக்கள். துப்புரவு, சமையல் ஒப்பந்தம், தோட்டப் பராமரிப்பு, பாதுகாவல் போன்ற சிறு ஒப்பந்தங்களில் அவர் பெயரில் பங்கு உள்ள நிறுவனம் போட்டியிடலாம். பங்கு பெயருக்கு மட்டும் இருக்கக் கூடாது. தாத்தாவை முன்னால் நிறுத்தி வேறொருவர் லாபம் எடுப்பது குற்றம். அரசு வேலையில் இருக்கிறவர் அரசோடு வியாபாரம் செய்யச் சட்டம் அனுமதிக்காது என்பதால், மகள் துறையில் வேலைக்குச் சேர்ந்தால் அந்த நிறுவனத்தில் இயக்குநராக இருக்க முடியாது. எது வேண்டும் என்று குடும்பமாக முன்பே முடிவு செய்யுங்கள்.

மறுத்தால், இழுத்தடித்தால், பணம் கேட்டால்

அரசு முடிவு எதுவானாலும் 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி 90 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். நீதிமன்ற மறுஆய்வுக்கு 180 நாள் எல்லை. பதிலே வராவிட்டால் அரசு அலுவலகங்கள் மீதான புகாரை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். ஆள்சேர்ப்பு முறைகேடு என்றால் அரசுப் பணி ஆணையத்தில் கொடுக்கலாம். சட்ட உதவிக்குப் பல்கலைக்கழகச் சட்ட மையங்களும் அரசு சட்ட உதவி அலுவலகமும் உண்டு. ஊரில் இருக்கும் பழைய காங்கிரஸ் தோழர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் ஒரு கடிதம் எழுதினால் கோப்புக்கு ஒரு முகம் கிடைக்கும்.

அரசு வேலைக்கு விண்ணப்பக் கட்டணம் எதுவும் இல்லை. படைவீரர் தரவுத்தளத்தில் பெயர் ஏற்றவும், ஆணையப் பட்டியலில் பெயர் பார்க்கவும் காசு இல்லை. "துறையில் ஆள் இருக்கிறான், ஐயாயிரம் ராண்ட் கொடுத்தால் பெயர் ஏறும்" என்று யார் சொன்னாலும், அவர் கட்சிச் சட்டை போட்டிருந்தாலும், கோயில் கமிட்டியில் இருந்தாலும், கொடுக்காதீர்கள். அடையாள அட்டை நகலையும் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் காலியிட அறிவிப்பை அந்த வாரத்துச் சுற்றறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பு எண் அதில் இல்லையென்றால் அது மோசடி. பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் போலீஸில் வழக்கு எண் வாங்குங்கள்.

தாள்கள் எல்லாவற்றையும் இரண்டு செட்டாக வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று நம்பிக்கையான உறவினரிடம். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் போன தேதி, பேசியவரின் பெயர், கொடுத்த தாள், வாங்கிய குறிப்பு எண் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதுங்கள். தாத்தாவின் வாக்குமூலத்தை மட்டும் இந்த வாரமே தொடங்குங்கள். அவர் பேசும்போது குறுக்கிடாமல் போனில் பதிவு செய்து, பிறகு எழுத்தாக்கி, அவர் கையெழுத்தோடு போலீஸ் நிலையத்தில் உறுதிமொழியாக மாற்றிக்கொள்ளுங்கள்.